செடியில் மருந்து இருந்தால் சாற்றையே குடிக்கலாமே, ஆய்வுக்கூடம் எதற்கு?

சிங்கப்பூரில் ஈசூன் பக்கம் எங்கள் புளோக்கின் கீழே நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கிறது. ஊரில் சிலர் சுடுகாட்டு மல்லி என்பார்கள். சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கும் பழக்கம் பல நாடுகளில் உண்டு.

1952இல் ஜமைக்காவிலிருந்து 25 இலைகள் ஓர் உறையில் கனடாவுக்குப் போயின. அங்கே ராபர்ட் நோபல் என்ற ஆய்வாளர் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை அசையவே இல்லை! ஆனால் வெள்ளை அணுக்கள் சரசரவெனக் குறைந்தன. வெள்ளை அணுக்கள் பெருகுவதுதானே ரத்தப் புற்றுநோய்? அங்கேதான் பொறி தட்டியது. அவரும் வேதியியலாளர் சார்லஸ் பீரும் சேர்ந்து இலையிலிருந்து வின்பிளாஸ்டின் என்ற மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் நுண்குழாய்களை அது கட்டவிடாது. அதன் உறவுக்காரன் வின்கிறிஸ்டின் இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

இலையில் இவை இருப்பது இம்மியளவு. ஒரு கிராமுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். அந்த அளவும் இலைக்கு இலை மாறும். கூடவே வேறு பல ஆல்கலாய்டுகள் (செடிகள் உண்டாக்கும் ஒருவகை வேதிப்பொருள்கள்), விஷத்தன்மையோடு. தயவுசெய்து கஷாயம் போடாதீர்கள்.

மரத்துக்கு மரம்கூட மாறும். 1987இல் சரவாக்கில் எடுத்த ஒரு புன்னை இன மாதிரி எச்ஐவியைத் தடுத்தது. திரும்பப் போனால் மரத்தை வெட்டிவிட்டார்கள்; பக்கத்து மரங்களில் அந்தச் சரக்கு இல்லை. கடைசியில் அது கிடைத்தது நம் பொட்டானிக் கார்டன்ஸ் மரத்தில். கலனோலைடு ஏ என்ற அந்தப் பொருள் மனிதப் பரிசோதனை வரை போனது, மருந்துக்கடைக்கு வரவில்லை.