தாயின் பெயர் இல்லாத ஆவணம்

வணக்கம் சார். உங்கள் கட்டுரை ஒன்றில், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தன் காதலிகளுக்குப் பிறந்த பிள்ளைகளைச் 'சட்டபூர்வமாக்கினார்' என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். கையெழுத்துப் போட்டால் பிறப்பு மாறிவிடுமா? அப்படிப்பட்ட மகள் அரண்மனையில் தலைகுனிந்துதானே வாழ்ந்திருப்பாள்?

கே.

அன்புள்ள கே.,

தலைகுனிந்தெல்லாம் இல்லை. பிரான்சுவாஸ் மரியையே எடுத்துக்கொள்ளுங்கள். லூயிக்கும் மோந்தெஸ்பான் சீமாட்டிக்கும் 1677இல் பிறந்தவள். 1681இல் மன்னரின் ஆணை அவளைச் சட்டபூர்வ மகளாக்கியது. பூர்பன் என்ற வம்சப் பெயர் கிடைத்தது. நல்ல இடத்தில் கட்டிக்கொடுக்கவும் வழி பிறந்தது.

1692இல் கல்யாணம். அவளுக்குப் பதினான்கு வயது. மாப்பிள்ளை மன்னரின் சொந்தத் தம்பி மகன் பிலிப். (நம் முறைப்படி அண்ணன் ஆகவேண்டும், அங்கே அதெல்லாம் கணக்கில்லை.) சீதனமாக இருபது லட்சம் லிவ்ர் (அந்தக் காலத்து பிரெஞ்சுப் பணம்) பேசியும் மாப்பிள்ளையின் தாயாருக்கு மனம் ஆறவில்லை. ஜெர்மனியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவர், குலப்பெருமையில் ஊறியவர். மகன் சம்மதித்துவிட்டான் என்று தெரிந்ததும், கையை முத்தமிட வந்தவனை வெர்சாய் அரண்மனையில் அத்தனை பேர் முன்னால் பளாரென்று அறைந்தார். அந்தக் காலத்து அரண்மனைக் கதைகளை எழுதிவைத்த சான்-சிமோன் இந்த அறையை ரசித்து எழுதியிருக்கிறார்.

ஆனால் மருமகளாக வந்தவள் கூசிப்போகவில்லை. மாப்பிள்ளையின் மனம் வேறிடத்தில் என்று யாரோ சொன்னபோது, அவர் என்னை நேசிக்க வேண்டாம், கட்டிக்கொண்டால் போதும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. பெண்ணுக்குக் கணக்குத் தெரிந்திருந்தது. பிலிப் ஒரு மன்னரின் பேரன் என்பதால், மணமான அன்றே அவள் தன் இரண்டு அக்காக்களுக்கும் மேலான அந்தஸ்துக்குப் போய்விட்டாள். இருவரும் அரச வம்சத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தார்கள், ஆனால் அவர்கள் கணவர்கள் ஒரு படி கீழே. யார் முன்னால் நடப்பது, யார் எதில் உட்காருவது என்பதே அங்கே வாழ்க்கை. அக்காக்களுக்கு எப்படி எரிந்திருக்கும், பாருங்கள்! அப்புறம் ஒருநாள் மர்லி மாளிகையில், இவளும் சொந்த அக்காவும் சுவிஸ் காவலர்களிடம் புகைக்குழாய் வாங்கிப் புகைத்துக்கொண்டிருந்தபோது பட்டத்து இளவரசரிடமே மாட்டிக்கொண்டார்கள். இதுவா தலைகுனிந்த வாழ்க்கை?

சரி, கையெழுத்து விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உறுத்துவது அந்த ஆவணத்தில் இருப்பதல்ல, இல்லாதது. அதில் தாயின் பெயரே கிடையாது. மோந்தெஸ்பான் ஏற்கெனவே மணமானவர். மனைவி பெறும் பிள்ளை கணவனுடையது என்பது சட்டம். பெயரை எழுதினால் அந்தக் கணவர் வந்து பிள்ளைகள் என்னுடையவை என்று நிற்கலாம். ஆகவே மன்னருக்குப் பிள்ளைகள் உண்டு, அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா இல்லை.

பெரிய அக்கா மரி ஆன் கதை வேறு. அவளுடைய தாய் லூயிஸ் தெ லா வல்லியேர் மணமாகாதவர். அதனால் 1667ஆம் ஆண்டு ஆணையில் தாயின் பெயரையும் தயங்காமல் எழுதினார்கள். பின்னாளில் லா வல்லியேர் பாரிஸில் கார்மல் சபை மடத்தில் கன்னியாஸ்திரீயாகிவிட்டார்.

1707இல் மோந்தெஸ்பான் இறந்தார். சட்டத்தின் கண்ணில் அவர் அவர்களுக்கு யாருமில்லை என்பதால், பெற்ற பிள்ளைகள் துக்க உடை அணிய முடியவில்லை. அலங்காரத்தையும் கேளிக்கையையும் ஒதுக்கி வைத்தார்கள், அவ்வளவுதான் முடிந்தது. மூன்று வருடம் கழித்து, 1710இல், மடத்தில் லா வல்லியேர் இறந்தபோது மரி ஆன் ஊரறியக் கறுப்பு உடுத்தினாள். அரண்மனையே வந்து துக்கம் விசாரித்தது. மோந்தெஸ்பானின் பிள்ளைகள் அதைப் பார்த்துக் குன்றிப்போனார்கள் என்கிறார் சான்-சிமோன்.