பூலாம்பட்டிப் படகும் பாக் விரிகுடாவும்

அன்புள்ள ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். மாமனார் ஊரான பூலாம்பட்டியில், காவிரியில் ஓட்டுவதற்கென்று சின்ன ஃபைபர் படகு ஒன்று உண்டு. வருஷத்தில் பாதி நாள் தார்ப்பாயின் கீழேதான் கிடக்கிறது. வலையில் சிக்கிக் கடற்பசுக்கள் சாவது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒரு யோசனை. படகை லாரியில் ஏற்றி, பாக் விரிகுடாக் கரையில் இருக்கும் அதிராம்பட்டினம் கொண்டுபோய், கடலில் அறுந்து கிடக்கும் வலைகளை அள்ளும் வேலையில் சம்பளம் இல்லாமல் சேர்ந்துகொள்ளலாமா?

கு., சேலம்

அன்புள்ள கு.,

தாராளமாகப் போங்கள். படகு மட்டும் பூலாம்பட்டியிலேயே இருக்கட்டும்.

நானும் இதே உற்சாகத்தில், ஏற்காட்டு நண்பரின் மோட்டார் படகோடு அந்தப் பக்கம் போனவன்தான். ஏற்காடு ஏரியில் சுற்றிய அனுபவம் போதும் என்று நினைப்பு. சிறிது தூரத்திலேயே விசிறியில் நரம்பு வலை (மெல்லிய நைலான் இழை வலை) சுற்றி இன்ஜின் நின்றுவிட்டது. நடுக்கடலில் மாட்டிக்கொண்டோம் என்று வெலவெலத்து உட்கார்ந்திருந்தோம். வள்ளத்தில் வந்த பெரியவர் ஒருவர் கத்தியோடு இறங்கினார். தண்ணீர் அவர் இடுப்புக்குத்தான் இருந்தது! வலையை அறுத்து எடுத்தவர், அதோடு வந்த பச்சை நாடாக்களை என் கையில் வைத்தார். "தாழை. ஆவுளியா மேயுறது இதைத்தான். வந்த வழியெல்லாம் அறுத்துக்கிட்டே வந்திருக்கீங்க தம்பி."

ஆவுளியா என்றால் அங்கே கடற்பசு. 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கான காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்ததற்கு தாழை என்று அவர் சொன்ன இந்தக் கடற்புல்லும் முக்கியக் காரணம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்க வேண்டிய பிராணி அது. வலையில் சிக்கினால் மூச்சு முட்டியே செத்துப்போகும். ஆக, வலை அள்ளுவது தேவையான வேலைதான். ஆனால் எங்கே ஆழம், எங்கே புல், யார் வலை எங்கே அறுந்தது என்பதெல்லாம் வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயர் வைத்திருப்பவர்களுக்குத்தான் தெரியும். போதாததற்கு அது இலங்கை எல்லையை ஒட்டிய கடல். புதுப் படகைக் கண்டால் பதிவு எங்கே, ஆள் யார் என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும்.

சுமார் 250 கிலோமீட்டர் படகை ஏற்றிப்போகும் லாரி வாடகையை ஒரு வள்ளத்துக்கு டீசலாகப் போடுங்கள். வள்ளக்காரருக்கு அன்றைய கூலியையும் கொடுங்கள். வனத்துறையிடம் முன்கூட்டியே பேசிவிட்டு, அந்த வள்ளத்தில் ஏறி நீங்களும் வலை இழுங்கள்.

அப்புறம் உங்கள் பட்டறை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் ஓய்ந்து நிற்கும், பழுது பார்ப்பதெல்லாம் அப்போதுதான். வளைந்த ஷாஃப்டை நிமிர்த்தி, தேய்ந்த புஷ்ஷைக் கடைந்து கொடுக்கிற ஆள் அங்கே வெளியாள் இல்லை. எந்த வலை எங்கே அறுந்தது என்பதை நீங்கள் கேட்காமலே சொல்லிவிடுவார்கள்.

கையுறை மறக்க வேண்டாம். நனைந்த நரம்பு வலை கையை அறுத்துவிடும். எனக்கு மூன்று நாள் சோறு பிசைய முடியவில்லை.