வேலைக்கு உணவுத் திட்டம்: களத்தில் எதைப் பார்ப்பது? (கேள்வி பதில்)

கேள்வி (முதுகலை மாணவி, மதுரை): ஐயா, கூலியாகத் தானியம் கொடுத்த திட்டங்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். எங்கே தொடங்கலாம்?

பதில்: 1977-இல் தொடங்கிய வேலைக்கு உணவுத் திட்டம் 1980-இல் பெயர் மாறியது. 2004 நவம்பரில் 150 பின்தங்கிய மாவட்டங்களுக்கு அதே பெயரில் இன்னொன்று வந்தது. நீங்கள் இரண்டுக்கும் இடையில், 2001-இல் வந்த மத்திய அரசின் கிராம வேலைவாய்ப்புத் திட்டமான சம்பூர்ண கிராமீண் ரோஜ்கார் யோஜனாவிலிருந்து தொடங்குங்கள் அம்மா. ஒரு ஆள் ஒரு நாள் வேலை செய்தால் குறைந்தது 5 கிலோ தானியம், கூலியில் கால் பங்காவது ரொக்கம் என்பது அதன் விதியாக இருந்தது. கணக்குப் போட வசதி.

கேள்வி (தொண்டு நிறுவனக் களப்பணியாளர்): மஸ்டர் ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேட்டில்) எல்லாம் சரியாக இருக்கிறது. ஆனால் ஜனங்கள் அரிசியே வரவில்லை என்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: ஜனங்கள் சொல்வதிலிருந்து தொடங்குங்கள் தம்பி. 100 பேர், 6 நாள், ஆளுக்கு 5 கிலோ என்றால் 3,000 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாக 60 மூட்டை. இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து கிளம்பிய லாரிக்குச் சீட்டு இருக்கும். ஊரில் 60 மூட்டை இறங்கியதா, எந்தக் கிழமை, யார் இறக்கினார்கள் என்று கேளுங்கள். சுமை இறக்கியவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும், அவர்களிடம்தான் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அந்த மஸ்டர் ரோல் தாளையே கையில் வாங்கிப் பாருங்கள். வேலை நடந்த இடத்தில் தினமும் எழுதிய தாளில் மண் ஒட்டியிருக்கும், மடிப்பு இருக்கும், பேனா மாறியிருக்கும். பதினைந்து நாள் வருகையும் ஒரே மையில், ஒரே சாய்வில், கசங்காமல் இருந்தால் அது மேசையில் எழுதியது. அதிலிருந்து இருபது பேரைக் குலுக்கி எடுத்துச் சாயங்காலம் வீட்டுக்குப் போங்கள். மேஸ்திரி எதிரில் கேட்டால் உண்மை வராது. எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ வந்தது என்று அவர்கள் சொல்லி முடித்த பிறகே தாளில் இருப்பதைச் சொல்லுங்கள். வாங்கிய அரிசியைச் சாப்பிட்டார்களா, விற்றார்களா, என்ன விலைக்கு என்பதையும் கேளுங்கள். புழுத்த அரிசி என்றால் வியாபாரி கொடுக்கிற விலைதான் அவர்கள் உண்மையில் வாங்கிய கூலி.

கேள்வி (ஊராட்சி வார்டு உறுப்பினர்): குளம் வெட்டியது ஆளா, இயந்திரமா என்று பிறகு கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: மழைக்கு முன் போனால் முடியும். பொக்லைன் வெட்டிய கரையில் வாளியின் பல் தடம் வரிவரியாக இருக்கும். ஆட்கள் வெட்டிய இடத்தில் தனித்தனிக் குழிகளும், ஆழத்தை அளக்க நடுவே வெட்டாமல் விட்ட மண் திட்டும் நிற்கும். ஆந்திராவில் 2001-02-இல் கூலியாகத் தானியம் கொடுத்த திட்டம் பெரிய அளவில் நடந்தபோது, ஒப்பந்ததாரர்கள் இயந்திரத்தால் வேலையை முடித்து அரிசியை வெளியே விற்றார்கள் என்ற புகார் பரவலாக எழுந்தது. ஒப்பந்ததாரர் கூடாது என்று 2002 மே மாதம் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது.

கேள்வி (புள்ளியியல் மாணவர்): வேலைக்கு வந்த குடும்பங்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டால் போதாதா?

பதில்: போதாது. 5 கிலோ அரிசிக்காக வெயிலில் மண் சுமக்க வருபவர்கள் ஊரிலேயே ஏழைகள். நேரடியாக ஒப்பிட்டால் திட்டம்தான் அவர்களை ஏழையாக்கியது போலத் தெரியும். அதே குடும்பம் திட்டத்துக்கு முந்தைய வருடம் இதே மாதத்தில் எப்படி இருந்தது என்று பாருங்கள். மாதம் முக்கியம். அறுவடை நேரத்தில் ஒன்று, வேலையில்லா மாதத்தில் ஒன்று என்று எடுத்த கணக்குகளை ஒப்பிட முடியாது. குளத்தை மட்டும் ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பாருங்கள். தண்ணீர் நிற்கிறதா, யார் வயலுக்குப் பாய்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

கேள்வி (அதே களப்பணியாளர்): கண்டுபிடித்ததை யாரிடம் கொடுப்பது? அதிகாரியிடம் கொடுத்தால் கோப்பில் தூங்குகிறது.

பதில்: முதலில் ஊருக்கே படித்துக் காட்டுங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில் மஸ்டர் ரோலை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். பெயர் இருந்தும் வேலைக்கே வராதவர்கள் எழுந்து சாட்சி சொன்னார்கள். நான் மேலே சொன்ன அதே 2002 உத்தரவு, கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை செய்யும், அதாவது கணக்கை ஊர் மக்களே சரிபார்க்கும் உரிமை உண்டு என்றது. கூட்டத்தைத் தலைவர் வீட்டு வாசலில் போடாதீர்கள். கூலிக்குப் போனவர்கள் குடியிருக்கும் தெருவில், அவர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் போடுங்கள். யார் என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே எழுதி, படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.