ரிப்போர்ட் நார்மல், கை மட்டும் நடுங்குகிறது

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசர். பல வருடமாக தினமும் ராத்திரி ஒரு குவார்ட்டர் பிராந்தி. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே ஆரம்பித்துவிடுவார். கேட்டால், "நான் என்ன ரோட்டுலயா விழுந்து கிடக்கிறேன்? எங்க தாத்தா கள்ளு குடிச்சே 88 வயசு வரைக்கும் இருந்தார்" என்கிறார். போன மாதம் ரத்தப் பரிசோதனையில் லிவர் நார்மல் என்று வந்ததிலிருந்து பேச்சு கூடிவிட்டது. ஆனால் காலையில் டீ டம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. ஞாயிறு காலை கொஞ்சம் குடித்ததும் நடுக்கம் நின்றுவிடுகிறது. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கச் சொல்லி நாத்தனார் ஒரு மருந்து வாங்கித் தந்திருக்கிறார். கொடுக்கலாமா? இவர் குடிநோயாளிதானா? அதை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது?
- வாசகி, கரூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு,

முதலில் அந்த மருந்து. தயவுசெய்து கலக்காதீர்கள். டைசல்ஃபிரம் என்று ஒரு மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரியும். உயிரே போகவும் கூடும். அதனால்தான் டாக்டர்கள் அதை நோயாளிக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே தருவார்கள். உங்கள் கையில் இருப்பது அதுவானாலும் ஆபத்து, உள்ளே என்ன இருக்கிறதென்றே தெரியாத பொடியானாலும் ஆபத்து. ஏற்கெனவே கலந்திருந்தால் இன்றே ஒரு டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, அந்தக் கைநடுக்கம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது அதுதான். தினமும் ஆல்கஹாலுக்குப் பழகிய மூளை, அது இறங்கத் தொடங்கியதும் தறிகெட்டு ஓடுகிறது. நடுக்கம், வியர்வை, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் அதனால் வருபவை. காலையில் கொஞ்சம் உள்ளே போனதும் கை நிற்கிறது என்றால், உடம்பு அதைச் சார்ந்து போய்விட்டது. அவர் குடிநோயாளியா என்று கேட்டீர்கள். நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது, ஆனாலும் இந்த ஒரு அறிகுறியே சிகிச்சைக்குப் போகப் போதுமானது.

இதனாலேயே, "இன்னையிலிருந்து ஒரு சொட்டு தொடக் கூடாது" என்று அவரிடம் சத்தியம் வாங்காதீர்கள். இப்படிப்பட்டவர்கள் திடீரென நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு, மூன்று நாள் கழித்து, இல்லாத ஆள் நிற்பதாகச் சொல்வதும், பூச்சி ஊர்கிறது என்று உதறுவதும், பிதற்றுவதுமாக ஒரு நிலை வரலாம். கவனிக்காவிட்டால் அது உயிரைப் பறிக்கவும் கூடும். டாக்டர் மேற்பார்வையில் மாத்திரையும் வைட்டமின் பி1-ம் கொடுத்து நிறுத்தினால் பெரும்பாலும் பத்திரமாகத் தாண்டிவிடலாம்.

சரி, தாத்தா கதைக்கு வருவோம். கள்ளில் ஆல்கஹால் சுமார் 5 சதவீதம். கடையில் விற்கும் பிராந்தியில் 42.8 சதவீதம். 180 மில்லி குவார்ட்டரில் ஏறக்குறைய 60 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. ஒரே அமர்வில் இந்த 60 கிராமைத் தொட்டாலே மிகைக்குடி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உங்கள் கணவர் ஞாயிறு காலைக் கணக்கைச் சேர்க்காமலேயே வாரத்துக்கு 420 கிராம் குடிக்கிறார். சுமார் 6 லட்சம் பேரைப் பற்றிய விவரங்களை வைத்து 2018-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. வாரத்துக்கு 350 கிராமுக்கு மேல் குடிப்பவர்களுக்கு, 100 கிராமுக்குள் குடிப்பவர்களோடு ஒப்பிட்டால், 40 வயதிலிருந்து கணக்கிட்ட ஆயுள் 4 முதல் 5 வருடம் குறைவு என்றது அது. தாத்தா 88 வரை இருந்தது உண்மையாகவே இருக்கட்டும். அவரோடு உட்கார்ந்து குடித்து ஐம்பதிலேயே போனவர்களை எந்த வீட்டிலும் உதாரணம் காட்டுவதில்லை.

அப்புறம் அந்த ரிப்போர்ட். ரத்தத்தில் பார்க்கும் என்சைம்கள் நார்மலாக இருந்தும் கல்லீரல் கெட்டுப்போயிருக்கலாம். சிரோசிஸ், அதாவது கல்லீரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய் வந்தவர்களுக்குக்கூட சில சமயம் அப்படித்தான் வரும். கல்லீரல் வலித்துக் காட்டிக்கொடுக்கும் உறுப்பும் அல்ல. எவ்வளவு குடிக்கிறார் என்ற உண்மையை டாக்டரிடம் சொன்னால்தான் ஜிஜிடி என்ற ரத்தப் பரிசோதனை, வயிற்று ஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன் என்று எது தேவையோ அதை எழுதுவார். "எப்பவாவது ஃபங்ஷன்ல" என்றுதான் உங்கள் கணவர் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். இன்னொன்றையும் அவரிடம் சொல்லுங்கள். கல்லீரலில் வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருக்கும் கட்டம் என்றால், குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே அது கரையத் தொடங்கும். பயமுறுத்துவதைவிட இது நன்றாக வேலை செய்யும்.

ஒத்துக்கொள்ள வைப்பதுதான் உங்கள் பெரிய கேள்வி. ஒத்துக்கொள்ளவே வேண்டாம் என்கிறேன். "நீங்க குடிகாரர்" என்று நீங்கள் சொல்ல, "இல்லை" என்று அவர் வாதாட, ராத்திரி போய்விடும், பாட்டிலும் காலியாகிவிடும். பெயர் வைக்கும் சண்டையை விட்டுவிடுங்கள். காலையில், அவர் தெளிவாக இருக்கும்போது, கண்ணால் பார்த்ததை மட்டும் பேசுங்கள். "ஏனுங்க, கை நடுங்குது, எனக்குப் பயமா இருக்கு. ஒருக்கா டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாம்." இவ்வளவு போதும். முதல் தடவை கோபப்படுவார். சில நாள் கழித்து அதே குரலில் மறுபடி கேளுங்கள். நடுக்கத்துக்காக டாக்டரைப் பார்க்க, தான் குடிநோயாளி என்று அவர் ஒப்புக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

கூடவே, அவர் குடியால் வரும் சிக்கல்களை நீங்கள் சமாளித்துத் தருவதை நிறுத்துங்கள். அவரால் எழ முடியாத திங்கட்கிழமைகளில் "காய்ச்சலுங்க சார்" என்று கம்பெனிக்குப் போன் போடும் பழக்கம் இருந்தால், இனி அவரே பேசட்டும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், சோடாவுக்கும் மிக்சருக்கும் அவர்களைக் கடைக்கு அனுப்பக் கூடாது. கோபத்தில் அல்ல, நிதானமாக இதைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கைநீட்டுகிற சுபாவம் அவருக்கு உண்டென்றால் மட்டும் வேறு கணக்கு. அப்போது உங்கள் பாதுகாப்புதான் முதலில், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. "மெண்டல் ஆஸ்பத்திரியா?" என்று அவர் தயங்கினால் முதலில் குடும்ப டாக்டரிடமே காட்டுங்கள். சென்னை வரை வர முடியுமென்றால், சாந்தி ரங்கநாதன் 1980-ல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளையின் மருத்துவமனை இந்த வேலைக்காகவே இருப்பது. 14446 என்ற தேசியப் போதை மீட்பு எண்ணை நீங்களே அழைத்துப் பேசலாம், அவர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற கூட்டங்கள் நடக்கின்றன. அவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போங்கள். இத்தனை வருடம் தனியாகச் சுமந்திருக்கிறீர்கள்.

இதற்கிடையே ரத்த வாந்தி, தார் போலக் கறுத்த மலம், கண்ணில் மஞ்சள், வயிறு உப்புதல், வலிப்பு, புத்தி தடுமாற்றம், இவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போங்கள். கடைசியாக எப்போது, எவ்வளவு குடித்தார் என்பதை அங்கே மறைக்காமல் சொல்லுங்கள்.