ரீச்சரிடம் கேளுங்கள்: ஆங்கிலத்தில் அணிகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் அரைவாசிக்கு மேல் ஒரே விஷயம்: ஆங்கிலத்தில் சிமிலி (உவமை), மெற்றஃபர் (உருவகம்) போன்ற அணிகளை எப்படி இனங்காண்பது? பரீட்சை எழுதும் பிள்ளைகளும் அவர்களின் தாய்மாரும் வேலைக்குப் போகிறவர்களும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

*வணக்கம் ரீச்சர். நான் பத்தாம் ஆண்டு. 'லைக்' அல்லது 'அஸ்' வந்தால் சிமிலி, வராவிட்டால் மெற்றஃபர் என்று ரியூசனில் படித்தோம். தவணைச் சோதனையில் 'ஹீ லுக்ஸ் லைக் ஹிஸ் ஃபாதர்' என்று சிமிலிக்கு உதாரணம் எழுதினேன். பிழை போட்டுவிட்டார்கள். ஏன்?*
– மாணவி, சாவகச்சேரி

பிழை போட்டது சரிதான் பிள்ளை. மகன் தகப்பனைப் போல இருப்பது உள்ளபடியான ஒற்றுமை. மூக்கையும் நெற்றியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தே சொல்லிவிடலாம். சிமிலிக்கு இனம் வேறான இரண்டு பொருள்கள் வேண்டும். 'ஹீ ஈற்ஸ் லைக் எ ஹோர்ஸ்' என்றால் ஒன்று மனிதன், மற்றது குதிரை. சாப்பிடும் அளவு மட்டுமே இரண்டுக்கும் பொது.

'ஷீ இஸ் அஸ் ரோல் அஸ் ஹேர் பிரதர்' வெறும் அளவு. 'ஐ வேர்க் அஸ் எ நேர்ஸ்' தொழிலைச் சொல்கிறது, அங்கே ஒப்பீடே கிடையாது. 'ஐ லைக் மாங்கோஸ்' என்பதற்குக் கீழேயும் கோடு போட்டுச் சிமிலி என்று எழுதிய தாள்களைத் திருத்தியிருக்கிறேன். சொல்லைத் தேடாமல் பொருளைத் தேட வேண்டும்.

அதற்கு உனக்கு ஏற்கெனவே ஒரு வழி தெரியும். உவமை எதை வைத்துப் பிறக்கிறது என்று தொல்காப்பியர் நான்கு சொன்னார்: வினை, பயன், மெய், உரு. அதாவது செயல், பயன், வடிவம், நிறம். இதை ஆங்கிலத்துக்குப் போட்டுப் பார். மான் போல ஓடினாள் என்றால் வினை. 'அஸ் தின் அஸ் எ ரேக்' (குப்பைவாரி போல ஒல்லி) என்றால் மெய். 'அஸ் வைற் அஸ் ஸ்னோ' என்றால் உரு. ஆசிரியரின் அறிவுரை இருட்டில் விளக்குப் போல இருந்தது என்றால் பயன். எல்லா ஆங்கில உவமையும் இந்த நான்குக்குள் அடங்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் 'இங்கே எந்தக் குணம் எதன்மேல் ஏறுகிறது?' என்று கேட்கும் பழக்கம் உனக்கு வந்துவிடும்.

அந்தக் கேள்விக்கான பதிலைத்தான் விடைத்தாளில் எழுத வேண்டும். 'திஸ் இஸ் எ சிமிலி' என்பதோடு நிறுத்திவிடும் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. விளங்கித்தான் இருக்கும், எழுதாமல் விட்டிருப்பார்கள். ஒருத்தியின் சொற்களைக் கவிஞர் கத்தி என்கிறாரா? மெற்றஃபர் என்று எழுது, அப்புறம் 'கேட்டவர் மனதை அவை அறுத்தன, அவள் வேண்டுமென்றே காயப்படுத்தினாள் என்று தெரிகிறது' என்றும் எழுது. இரண்டாவது வசனம்தான் நீ கவிதையை வாசித்தாய் என்பதற்குச் சாட்சி.

*என் மகள் தமிழில் அணியிலக்கணம் வடிவாகப் படிக்கிறாள். ஆங்கில அணிகளையும் அவற்றோடு ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் படிக்கலாமா?*
– ஒரு தாய், காரைநகர்

தாராளமாகப் பொருத்தலாம் அம்மா. ஆனால் சில இடங்களில் கவனம் வேண்டும்.

உவமை சிமிலி, உருவகம் மெற்றஃபர், உயர்வு நவிற்சி ஹைப்பேர்பலி. இந்த மூன்றிலும் சிக்கல் இல்லை. (கடைசிச் சொல்லைப் பல பிள்ளைகள் 'ஹைப்பர்போல்' என்கிறார்கள். ஹைப்பேர்பலி என்பதே சரியான உச்சரிப்பு.) ஷேக்ஸ்பியரின் ஹம்லெற் நாடகத்தில் 'எ சீ ஒஃப் ட்ரபிள்ஸ்' என்று வரும். நம் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே தேவையில்லை, துன்பக்கடல் என்று உடனே சொல்லிவிடுவார்கள். பத்தாவது குறளில் வள்ளுவர் பிறவியைப் பெருங்கடல் என்று சொன்னதோடு விடவில்லை, அதை நீந்துவதையும் சொன்னார். ஒரு உருவகத்தை இப்படித் தொடர்ந்து கொண்டுபோவதை ஆங்கிலத்தில் எக்ஸ்ரெண்டட் மெற்றஃபர் என்பார்கள்.

கவனம் வேண்டியது பேர்சொனிஃபிக்கேஷனில், அதாவது மனிதரல்லாத ஒன்றை மனிதரைப் போலச் சொல்வதில். அதைத் தற்குறிப்பேற்றம் என்று பல குறிப்புப் புத்தகங்களில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றல்ல. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலின் கொடிகள் கோவலனையும் கண்ணகியையும் 'வரவேண்டாம்' என்று கைகாட்டி மறித்தன. காற்றில் இயல்பாக ஆடும் கொடிக்குக் கவிஞர் தானாக ஒரு காரணத்தை ஏற்றுகிறார், அதனால் அது தற்குறிப்பேற்றம். கொடி மனிதரைப் போலக் கைகாட்டுவதால் பேர்சொனிஃபிக்கேஷனும் அங்கே இருக்கிறது. ஆனால் 'த விண்ட் விஸ்பேர்ட்' என்ற வசனத்தில் காற்றுக்கு மனிதச் செயல் மட்டுமே உண்டு, காரணம் எதுவும் ஏற்றப்படவில்லை. அது வெறும் பேர்சொனிஃபிக்கேஷன்.

ஐரனியும் அப்படித்தான், அதாவது சொல்வது அல்லது நம்புவது ஒன்று, உண்மை வேறு. வஞ்சப்புகழ்ச்சி அதில் ஒரு பங்கு. கொட்டும் மழையில் நின்று 'லவ்லி வெதர்' என்றால் ஐரனி, அங்கே யாரையும் புகழவுமில்லை இகழவுமில்லை. ஜூலியட் இறந்துவிட்டாள் என்று ரோமியோ நம்பும்போது, அவள் மயக்கத்தில் கிடக்கிறாள் என்பது பார்ப்பவர்களுக்குத் தெரியும். அது ட்ரமற்றிக் ஐரனி. இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று மகள் எழுதினால் பிழையாகிவிடும்.

*மெற்றோனிமி, சினெக்டக்கி: இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?*
– உயர்தர மாணவன், பருத்தித்துறை

இரண்டுமே ஆகுபெயர்தான் தம்பி. 'அலரி மாளிகை மறுத்தது' என்று பத்திரிகை எழுதினால் கட்டடமா வாய் திறந்தது? பிரதமர் தரப்பு மறுத்தது. தொடர்புள்ள ஒன்றின் பெயரால் இன்னொன்றைச் சொல்வது மெற்றோனிமி. பேனா வாளைவிட வலியது என்ற வசனம் 1839இல் எட்வேர்ட் புல்வர் லிற்றன் எழுதிய நாடகத்தில் வருவது. அங்கே பேனா எழுத்துக்கும் வாள் படைபலத்துக்கும் நிற்கின்றன.

உறுப்பின் பெயரால் முழுவதையும் சொன்னால் சினெக்டக்கி. கப்பலில் 'ஓல் ஹாண்ட்ஸ் ஒன் டெக்' என்றால் கைகள் மட்டும் வராது, ஆட்கள் வருவார்கள். தலைக்கு நூறு ரூபாய் என்பதும் அதுவே, நம் சினையாகுபெயர். மறுபக்கமும் உண்டு, முழுவதன் பெயரால் பகுதியைச் சொல்வது: 1996இல் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது என்கிறோம், விளையாடியது ஓர் அணி. வீட்டில் ஆறுமுக நாவலரின் நன்னூல் காண்டிகையுரை இருந்தால் ஆகுபெயர்ப் பகுதியை ஒருமுறை வாசி.

*அண்மையில் வேலைக்குச் சேர்ந்தேன். வெளிநாட்டு அதிகாரிகளோடு கூட்டம். 'போல்பார்க் ஃபிகர்', 'ஸ்ரிக்கி விக்கற்' என்கிறார்கள். இலக்கணம் தெரிந்தும் விளங்கவில்லை.*
– வாசகர், திருநெல்வேலி

இவை இடியம்கள், மரபுத்தொடர்கள். ஒரு காலத்தில் உயிருள்ள உருவகமாக இருந்து சொல் உறைந்துபோனவை. பிரித்துப் பொருள் எடுக்க முடியாது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மனதில் நிற்கும். போல்பார்க் என்பது அமெரிக்கர்களின் பேஸ்போல் மைதானம், போல்பார்க் ஃபிகர் என்றால் அண்ணளவான தொகை. ஸ்ரிக்கி விக்கற் கிரிக்கெற்றில் இருந்து வந்தது. ஆடுகளத்தை மூடாத காலத்தில், மழையில் நனைந்து வெயிலில் காயும் தரையில் பந்து எப்படி எழும்பும் என்று துடுப்பாட்டக்காரருக்குத் தெரியாது. அதனால் அது இக்கட்டான நிலை. 'ஒஃப் ஹிஸ் ஓன் பற்' என்றால் யாரும் சொல்லாமல் தானாகவே செய்தது. விளையாட்டு இப்படிப் பேச்சுக்கு வருகிறது, போர் விளையாட்டுக்குப் போகிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904இல் தொடங்கிய கிரிக்கெற் போட்டியை வடக்கின் பெருஞ்சமர் என்றுதானே சொல்கிறோம்.

கூட்டத்தில் விளங்காவிட்டால் 'வட் டு யூ மீன் பை தற்?' என்று உடனே கேளுங்கள். தலையாட்டிவிட்டு வந்து வேலையைப் பிழையாகச் செய்வதைவிட அது எவ்வளவோ மேல். மழைக்குப் பூனையையும் நாயையும் இழுக்கும் இடியத்தை மட்டும் பாவிக்க வேண்டாம், இப்போது அதைச் சொல்பவர்கள் குறைவு.

*ஆங்கிலக் கட்டுரையில் சிமிலி நிறையப் போட்டால் நல்லதா?*
– மாணவன், வேலணை

ஒரு பந்தியில் ஒன்று போதும், ஆனால் அது உன்னுடையதாக இருக்க வேண்டும். 'அஸ் வைற் அஸ் ஸ்னோ' என்று எழுதும் நீ வெண்பனியைக் கண்டதில்லை. ஆனையிறவு உப்பளத்தின் உப்பைக் கண்டிருப்பாய், அதை எழுது. சுடுசொல்லுக்குப் பனங்கருக்கை எழுது. ஆங்கிலம் எல்லோருக்கும் பொது, நம் ஊர்ப் பொருள்களை அது தாராளமாகத் தாங்கும். திருத்துகிறவருக்குப் புரியாது என்று தோன்றினால் பக்கத்தில் நான்கு சொல்லில் விளக்கம் கொடு.

*அலிற்றரேஷனும் அணியா?*
– மாணவி, வண்ணார்பண்ணை

அது ஓசை. நம் மோனை போல, சொற்கள் ஒரே ஒலியில் தொடங்குவது. எழுத்தைப் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பார்: 'சிற்றி'யும் 'கற்'றும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கினாலும் அலிற்றரேஷன் ஆகாது, 'ஃபோன்', 'ஃபிஷ்' இரண்டும் வேறு எழுத்தில் தொடங்கினாலும் ஆகும்.