பேக்கர்ஸ் கணிப்பு ஏன் சொதப்புகிறது

அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான கிரீன் பே பேக்கர்ஸ், டிராஃப்ட் என்ற புது வீரர் தேர்வின் முதல் சுற்றில் யாரை எடுக்கும் என்ற உங்கள் கணிப்பு ஒவ்வொரு வருடமும் தப்புவதாக எழுதியிருந்தீர்கள். அணியில் இன்றைக்கு எங்கே ஓட்டை என்று மட்டும் பார்க்கிறீர்கள், சிக்கல் அதுதான். அவர்கள் பெரும்பாலும் இரண்டு வருடம் தள்ளி யோசிப்பவர்கள். 2020-ல் ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) வருவார் என்று ரசிகர்கள் காத்திருக்க, நான்காம் சுற்றுத் தேர்வு ஒன்றை மயாமி அணிக்குக் கொடுத்து, தேர்வு வரிசையில் 30-லிருந்து 26-க்கு ஏறி குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜோர்டன் லவ்வை எடுத்தார்கள். அதுவும் குவார்ட்டர்பேக்காக ஆரன் ராட்ஜர்ஸ் இருக்கும்போதே! லவ் முதன்மை ஆட்டக்காரர் ஆனது 2023-ல்தான். முதல் சுற்றில் ரிசீவர் என்றால் 2002-ல் ஜேவன் வாக்கர், அப்புறம் 2025-ல் மேத்யூ கோல்டன்தான். யாருடைய ஒப்பந்தம் அடுத்த இரண்டு சீசனுக்குள் முடிகிறது என்று முதலில் பட்டியல் போடுங்கள். பெயரை விட்டுவிட்டு ரிசீவர், குவார்ட்டர்பேக் மாதிரி எந்த ஆட்ட இடத்துக்கு ஆள் எடுப்பார்கள் என்பதைக் கணியுங்கள், பாதி வேலை முடிந்தது. டிராஃப்ட் அன்றைக்கு நடக்கும் ட்ரேடுக்கெல்லாம் (அணிகள் தேர்வு இடங்களை மாற்றிக்கொள்வது) நீங்கள் பொறுப்பில்லை, சரியா?