பத்து வருஷம் கழித்து என்ன ஆகும்?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு என்ன பிடிக்கும் என்பதற்கு நான்கு வரி. எந்தப் படிப்பு பத்து வருஷம் கழித்தும் கைகொடுக்கும் என்பதற்கு இரண்டு பக்கம். 'நிச்சயமாகச் சொல்லுங்கள்' என்பதை மூன்று இடத்தில் அடிக்கோடு போட்டிருக்கிறீர்கள். சொல்லிவிடுகிறேன்: எனக்குத் தெரியாது. தெரியும் என்று அடித்துச் சொல்கிற ஆலோசகரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

போன முறை இருவரும் வந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நான் எதைக் கேட்டாலும் அவள் முதலில் உங்கள் முகத்தைப் பார்த்தாள். "உயிரியல் பிடிக்கும், ஆனால்..." என்று இழுத்தாள். அந்த வாக்கியத்தை முடித்தது நீங்கள். அதற்கப்புறம் அவள் பேனா மூடியைத் திருகுவதும் கழற்றுவதுமாகவே இருந்தாள்.

உங்களைக் குறை சொல்லவில்லை. தெரியாமல் இருப்பது உடம்பையே படுத்தும். 2016-ல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். 45 பேருக்கு ஒரு கணினி விளையாட்டு: திரையில் தெரிகிற கல்லுக்கு அடியில் பாம்பு இருக்குமா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின் அதிர்ச்சி. வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்து பார்த்தார்கள். அதிர்ச்சி கட்டாயம் வரும் என்றபோதுகூட அவ்வளவு பதற்றம் இல்லை. வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி என்றிருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. பிள்ளைக்குப் பிடிக்காத படிப்பைப் பெற்றோர் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சோதனை ஞாபகம் வரும். அது தெரிந்த வலி. தெரியாததைவிடப் பரவாயில்லை என்று தோன்றிவிடுகிறது. ஆனால் அந்தப் படிப்புக்கும் பத்து வருஷத்துக்கு யாரும் உத்தரவாதம் எழுதித் தருவதில்லையே.

படிப்பு, வேலை பற்றி ஆலோசனை சொல்லும் எங்கள் துறையில் ஜான் கிரம்போல்ட்ஸ் என்று ஒருவர் இருந்தார், ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர். கல்லூரியில் முதன்மைப் பாடத்தை முடிவுசெய்யத் தெரியாமல் தன் டென்னிஸ் பயிற்சியாளரிடம் போய்க் கேட்டாராம். அந்தப் பயிற்சியாளர் உளவியல் ஆசிரியராகவும் இருந்தார்; இவரும் உளவியலுக்குப் போனார். 1999-ல் இன்னும் இருவரோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை, தற்செயல்களுக்குத் தயாராக இருப்பதையும் ஒரு திறமையாகவே பேசியது. ஆர்வம், விடாமுயற்சி, வளைந்துகொடுத்தல், நம்பிக்கை, துணிந்து இறங்குதல் என்று ஐந்தைச் சொன்னார்கள். இதில் துணிந்து இறங்குவதுதான் உங்கள் மகளுக்கு இன்னும் பழகவில்லை. பழக வீட்டில் இடம் வேண்டும்.

அதனால் இந்த மாதம் படிப்பை முடிவுசெய்ய வேண்டாம். சின்னதாகத் தொடங்குங்கள். தெரியாத ஓர் இடத்துக்கு அவளே வழி விசாரித்துப் போய் வரட்டும். வழியில் போன் செய்யாதீர்கள். கிளம்புமுன் என்னென்ன தப்பு நடக்கும் என்று பயப்படுகிறாளோ அதை ஒரு தாளில் எழுதிவைக்கட்டும். வந்ததும் எது நடந்தது, நடந்ததை எப்படிச் சமாளித்தாள் என்று பக்கத்திலேயே எழுதட்டும். நீங்களும் தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அம்மா அப்பாவின் தாள்தான் நீளமாக இருக்கும், என் அனுபவத்தில்.

படிப்பு விஷயத்தில் 'இதுதான் சரியா?' என்பதை ஒதுக்கிவிட்டு, 'தப்பாகிப்போனால் திரும்பி வர எவ்வளவு செலவாகும்?' என்று கேளுங்கள். ஒவ்வொரு கல்லூரியிலும் விசாரியுங்கள்: பாடம் மாற முடியுமா, எந்தத் தேதிக்குள், கட்டிய பணம் என்னவாகும்? எளிதாகத் திரும்ப முடிகிற முடிவுக்கு மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. திரும்பவே முடியாதது, பெரிய கடன் வாங்க வேண்டியது என்றால், அங்கே நிதானம் வேண்டியதுதான். அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் என்னிடம் வாருங்கள்.

அடுத்த சந்திப்பில் மகளோடு தனியாகப் பேசுகிறேன். நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கலாம். என்ன பேசினோம் என்று வீடு போய்ச் சேரும் வரைக்கும் கேட்காதீர்கள். கஷ்டம்தான், தெரியும்.